சுண்டக்காய்வலசு பள்ளிக்கூடம் பஸ் ஸ்டாப் கேட்ட கதை

சுண்டக்காய்வலசு எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் போகிறவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பஸ் அந்த ஊரின் நடுநிலைப் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டுதான் டவுனுக்குப் போகும், ஆனால் அங்கே நிற்காது. நிற்கிற இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆறுச்சாமியின் டீக்கடை வாசலில். யார் அப்படி வைத்தார்கள் என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை, வைத்தவர்களும் சொன்னதில்லை.

இதனால் ரொம்பவும் அவதிப்பட்டவர் தலைமையாசிரியர் தெய்வசிகாமணி. வீடு டவுனில். வலது முழங்காலில் தேய்மானம். காலையில் இரண்டு கிலோமீட்டர், சாயங்காலம் இரண்டு கிலோமீட்டர் என்று நொண்டி நொண்டி நடப்பார். அவர் ஏற வேண்டிய பஸ்ஸே அவர் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு முன்னால் போகும். எட்டாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள். அடுத்த வருஷம் அவர்கள் டவுன் ஹைஸ்கூலுக்குப் போகிறபோது அவர்களுக்கும் இதே நடைதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் வாதக் கட்டுரைப் போட்டி. உங்கள் ஊருக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாதாடி எழுத வேண்டும். ஜெயிக்கிற கட்டுரையில் என்ன முடிவு சொல்லியிருக்கிறதோ அதை மாவட்ட அதிகாரி அப்படியே செய்து கொடுப்பார். தெய்வசிகாமணி அதை மூன்று தடவை படித்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஜெசிந்தா டீச்சர் ஒருவர்தான். அவர் பிரசவத்துக்காக லீவில் போகிற நாளும் அதுதான். போகும்போது, கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நாலு பக்கத்துக்குத் தமிழிலேயே குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

"பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும் சார். நீங்க இதுல இருக்கறபடி செஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் போயிருக்கலாம்.

ஏனென்றால் மிச்சமிருந்த ஆசிரியர்கள் சொன்னபடி செய்கிறவர்கள். தலைமையாசிரியரைத் தவிர, கணக்கு வாத்தியார் நாச்சிமுத்து, விளையாட்டு வாத்தியார் பூபதி, தமிழம்மா மரகதவல்லி. தங்கமான மனிதர்கள். மணி அடித்தால்தான் பீரியடு முடியும் என்பது பள்ளிக்கூட விதி. ஒரு நாள் மணிக்கயிறு அறுந்துவிட்டது. புதுக்கயிறு வருகிற வரைக்கும், அதாவது மத்தியானம் வரைக்கும், இரண்டாம் பீரியடே நடந்தது.

குறிப்பின் முதல் பக்கம் வார்த்தைகளைப் பற்றியது. தினமும் பத்துப் புதிய வார்த்தை. ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதி அதற்குரிய இடத்தில் ஒட்டுங்கள், கண்ணில் படப்பட மனதில் பதியும் என்று இருந்தது.

கதவில் டோர், ஜன்னலில் விண்டோ என்று ஒட்டினார்கள். வாசலில் படுத்திருந்த நாயின் முதுகில் டாக் என்று ஒட்டினார்கள். அது மறுநாள் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று நாள் வரவில்லை. நாயைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்டபோது பூபதி, "அந்த வார்த்தை வெளியூர் போயிருக்குது. வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் பட்டியலில் ஒப்பீனியன் என்ற வார்த்தை வந்தது. கருத்து என்று டீச்சர் பக்கத்திலேயே பொருள் எழுதியிருந்தார். அதை எங்கே ஒட்டுவது என்று நால்வரும் கூடி யோசித்தார்கள்.

"கருத்து யாருகிட்ட இருக்குதோ அங்கதான் ஒட்டணும்" என்றார் நாச்சிமுத்து.

"இந்தப் பள்ளிக்கூடத்துல கருத்துச் சொல்றது ஹெட்மாஸ்டர் மட்டுந்தானுங்க. நாமெல்லாம் சரிங்க சார்னுதான் சொல்றோம்" என்றார் மரகதவல்லி.

நியாயம்தான் என்று தலைமையாசிரியரே ஒப்புக்கொண்டு சட்டையைக் காட்டினார். சந்தேகம் என்று பொருள்படும் டவுட், மரகதவல்லியின் தோளுக்குப் போனது. காரணத்துக்கான ரீசனை நாச்சிமுத்து தானே வாங்கி ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் தெய்வசிகாமணி மார்பில் ஒப்பீனியனோடு டவுன் வரைக்கும் பஸ்ஸில் போனார். அதை எடுத்தால் என்ன என்று வீட்டில் மனைவி கேட்டாராம். ஒட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது, எடுக்கச் சொல்லி எழுதவில்லை என்று பதில் சொன்னாராம்.

இரண்டாம் பக்கம் ஆதாரத்தைப் பற்றியது. வெறும் கருத்து போதாது, ஆதாரம் வேண்டும். ஒரே ஒருவரின் அனுபவம் ஆதாரமாகாது. கிடைத்த ஆதாரத்தை மாற்றக் கூடாது. மூன்றுக்கும் டீச்சர் அடிக்கோடு போட்டிருந்தார்.

"எனக்கு முட்டி வலிக்குது. அதனால பஸ் ஸ்டாப் இங்க வேணும். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்றார் தலைமையாசிரியர்.

நாச்சிமுத்து குறிப்பைத் திரும்பப் படித்தார். "நீங்க ஒருத்தர்தானுங்க சார். அது ஆதாரத்துல சேராது."

"வலிக்குதேப்பா."

"அது உங்க கருத்துங்க சார்" என்று மார்பில் இருந்த சீட்டைக் காட்டினார். தலைமையாசிரியர் குனிந்து பார்த்தார். அவருடைய முழங்கால் அன்றைக்கே கட்டுரையிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே பதினாலு பிள்ளைகளையும் டீக்கடை வரைக்கும் நடக்கவிட்டு, யார் யாருக்கு வலிக்கிறது என்று எழுதிக்கொள்வதாக முடிவானது. பூபதி முன்னால் விசில் ஊதிக்கொண்டு போனார். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போய், வழியில் இலந்தைப்பழம் பொறுக்கித் தின்று, பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வந்தார்கள். ஒருவருக்கும் வலி இல்லை.

"ஆதாரம் வரலைங்க சார்" என்றார் பூபதி.

"வர்ற வரைக்கும் நடங்க" என்றார் தலைமையாசிரியர். மேற்பார்வைக்காக அவரும் கூடவே நடந்தார்.

ஒரு வாரம் நடந்தார்கள். பிள்ளைகளுக்குப் பசி நன்றாக எடுத்தது, கால் உரமேறியது. எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு ஒழுகல் நின்றது. தலைமையாசிரியருக்கு மட்டும் இடது முழங்காலும் வலிக்க ஆரம்பித்தது. இரண்டு முழங்கால் ஆகிவிட்டதே, இப்போதாவது சேர்க்கலாமா என்று கேட்டார். ஆள் ஒன்றுதான் என்று நாச்சிமுத்து மறுத்துவிட்டார். நடை உடம்புக்கு நல்லது என்ற ஆதாரம் அப்படியே, மாற்றாமல், கட்டுரையில் ஏறியது.

மூன்றாம் பக்கத்தில் எதிர்த்தரப்பு. இரண்டு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும். எதிர்த்தரப்பு சொல்வதை மரியாதையோடு கேட்டு, அவர்கள் மனம் கோணாமல் எழுதி, பிறகு அதற்கு மறுப்புச் சொல்ல வேண்டும். இங்கேதான் பெரிய சிக்கல். பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்கக் கூடாது என்று சொல்கிற ஆள் ஊரிலேயே இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். நின்றால் நல்லதுதானே என்று எல்லோரும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை பெரிய ஊர்ல ஒரு எதிரி கிடைக்கலியேங்க சார்."

கடைசியில் டீக்கடை ஆறுச்சாமியிடம் போனார்கள். அவர் பரம சாது. எல்லோருக்கும் டீயும் வடையும் கொடுத்து உட்காரவைத்தார். அவர்களும் குடித்தார்கள்.

"ஸ்டாப்பு உங்க ஸ்கூலுக்கு வந்தா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. பிள்ளைங்களுக்கு நல்லதுதானுங்க" என்றார் ஆறுச்சாமி.

"அப்படிச் சொல்லப்படாது. நல்லா யோசிங்க. பஸ் இங்க நிக்கலைன்னா இங்க யாரு டீ குடிப்பாங்க?" என்றார் நாச்சிமுத்து.

ஆறுச்சாமி அதுவரை அப்படி யோசித்ததில்லை. யோசிக்கவைத்தார்கள். கடை மூடுவதைச் சொன்னார்கள், பாய்லர் துருப்பிடிப்பதைச் சொன்னார்கள். மகள் கல்யாணம் தள்ளிப் போவதை மரகதவல்லி நல்ல தமிழில் எடுத்துச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஆறுச்சாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நால்வருக்கும் அப்பாடா என்றிருந்தது. அவர் அழுகையை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு திரும்பினார்கள். கட்டுரையில் அது மட்டும் ஐந்து பத்தி.

அடுத்தது மறுப்பு. அப்போதுதான் பூபதிக்கு அந்த ஊர் வழக்கம் ஞாபகம் வந்தது. சுண்டக்காய்வலசில் ஒருவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டால், அடுத்த அமாவாசை கழிகிற வரைக்கும் அவர் பேச்சை மறுத்துப் பேசக் கூடாது. வாய்க்கால் தகராறிலிருந்து வரப்புத் தகராறு வரைக்கும் ஊரில் எல்லா வழக்கும் இதனால்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது.

"டீ குடிச்சுட்டமே சார்."

"வடையும் தின்னுட்டோம்" என்றார் நாச்சிமுத்து.

"அமாவாசை எப்போ?"

"கட்டுரை அனுப்பற கடைசி நாளுக்கு மூணு நாள் கழிச்சுங்க."

வெகுநேரம் ஆலோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மறுப்பு எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, மறுப்பு அமாவாசைக்குப் பிறகு தனித்தபாலில் வரும் என்று ஒரு வரி எழுதிவைத்தார்கள்.

நாலாம் பக்கம் முடிவுரை. எந்தப் பக்கத்தில் ஆதாரம் பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கமே முடிவு சொல்ல வேண்டும். நாச்சிமுத்து இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தார். ஸ்டாப் வேண்டும் என்பதற்கு ஆதாரம் பூஜ்யம். வேண்டாம் என்பதற்குப் பதினாலு பிள்ளைகள், ஒரு மூக்கு, ஆறுச்சாமியின் அழுகை.

"ரெண்டு கிலோமீட்டர் நடந்ததுக்கே இவ்வளவு நல்லதுன்னா, மூணு கிலோமீட்டர் நடந்தா ஒன்றரை மடங்கு நல்லதுங்க சார்" என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கட்டுரையை அழகாக ஆங்கிலத்தில் எழுதியவள் கோகிலவாணி, எட்டாம் வகுப்பு லீடர். எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டாள்.

"சார், ஸ்டாப் வேணும்னு எழுதத்தானே ஆரம்பிச்சோம்?"

"ஆரம்பிச்சது நம்ம கருத்தும்மா. முடிக்கிறது ஆதாரம்" என்றார் தெய்வசிகாமணி. அதைச் சொல்லும்போது இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனுஷருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் குறிப்பில் அதற்கு இடமில்லை.

போட்டிக்கு ஐம்பத்தாறு கட்டுரை வந்ததாம். ஐம்பத்தைந்து கட்டுரை எதையாவது வேண்டும், வேண்டும் என்று கேட்டது. வேண்டாம் என்று எழுதியது சுண்டக்காய்வலசு மட்டும்தான். அதிகாரி அதைப் படித்து உருகிப்போனார். அமாவாசைக்கு முந்தின நாளே ஜீப்பில் வந்து, அரை ஆள் உயரத்துக்கு ஒரு கோப்பையைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்து, முடிவுரையில் கேட்டபடியே அங்கேயே உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட வாசலில் ஸ்டாப் கிடையாது. இருக்கிற ஸ்டாப்பும் பிள்ளைகளின் ஆரோக்கியம் கருதி இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளிவைக்கப்படுகிறது.

ஜீப் போன கொஞ்ச நேரத்தில் ஆறுச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நான் பாட்டுக்குச் சும்மாதானுங்களே இருந்தேன். இப்ப என் கடையிலயும் பஸ் நிக்காதாமுங்க."

தெய்வசிகாமணி அவரை உட்காரவைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"ரெண்டு தரப்பையும் சமமா நடத்தணும்னு டீச்சர் எழுதியிருக்காங்க ஆறுச்சாமி. இப்ப ரெண்டு தரப்புக்கும் பஸ் இல்ல. இதுக்கு மேல சமமா ஒரு கட்டுரை யாராலயும் எழுத முடியாது."

ஆறுச்சாமியால் அதையும் மறுக்க முடியவில்லை. வந்ததும் தலைமையாசிரியர் கையால் காப்பி வாங்கிக் குடித்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஒரு அதிசயம் நடந்தது. டவுன் பஸ் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. ஸ்டாப் மாறிவிட்டது என்று டிரைவருக்குத் தகவல் வந்திருந்தது, எங்கே என்று வரவில்லை. வழி கேட்க நிறுத்தியிருந்தார். தெய்வசிகாமணி வேலையில் சேர்ந்து பதினெட்டு வருஷத்தில் அந்த வாசலில் பஸ் நிற்பது அதுதான் முதல் தடவை. படி அவர் காலுக்கு நேராக இருந்தது.

"அட, கோப்பையெல்லாம் வாங்கிட்டீங்களே. ஏறுங்க சார், போற வழிதானே" என்றார் கண்டக்டர்.

"ஏற முடியாதுங்க. இது ஸ்டாப் இல்ல" என்றார் தலைமையாசிரியர்.

"அதான் நிறுத்திட்டமே சார்."

"நீங்க நிறுத்தினது உங்க கருத்து. கையெழுத்தாகி உத்தரவு வந்திருக்குது. மூணு கிலோமீட்டர் தள்ளி, ஒரு வேலமரம் இருக்கும். அங்கதான் நிக்கணும், அங்கதான் ஏறணும்."

கண்டக்டர், கூட நடக்கக் கிளம்பி நின்ற மற்ற மூன்று ஆசிரியர்களையும் பார்த்தார். மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நல்ல மனுஷர், விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. தெய்வசிகாமணி நொண்டிக்கொண்டே நாலு எட்டு ஓடி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கோப்பையையும் சாப்பாட்டுப் பையையும் உள்ளே ஒரு சீட்டில் இடம் பிடித்து வைத்தார். பிறகு டிரைவரை எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"கொஞ்சம் எங்க நடைக்கு ஓட்டுங்க தம்பி. உங்களை விட்டுட்டா அடுத்த பஸ் ஏழு மணிக்குத்தான்."