அமைச்சர் செய்த முதல் போணி

"இந்த மாவட்டத்துல புற்றுநோயை ஒழிச்சே தீருவேன்!" என்று முழங்கிவிட்டு, பரிசோதனை வண்டியின் ரிப்பனை வெட்டினார் அமைச்சர் தணிகாசலம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. வண்டியில் ஏறத்தான் ஆளில்லை.

வண்டியில் வேலை பார்க்கும் ஆயா செண்பகவல்லி மேல் அமைச்சர் பாய்ந்தார். "போட்டோக்காரன் நிக்கறான், வரிசை எங்க? கூட்டிட்டு வா. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல!"

செண்பகவல்லி நேராக மைக்குக்குப் போய்க் கும்பிட்டாள். "புதுக்கடை திறந்தா கைராசிக்காரங்கதான் முதல் போணி பண்ணணும். நம்ம ஐயாவை விடக் கைராசி யாருக்கு இருக்கு? ஐயாவே முதல்ல ஏறட்டும்!"

கூட்டம் விசிலடித்தது. அமைச்சர் வேறு வழியில்லாமல் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு ஏறினார்.

வாய்க்குள் பார்க்க டாக்டர் டார்ச்சை எடுத்ததும் அமைச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஏதாவது இருந்துட்டா என்னம்மா பண்றது?" என்றார் மெதுவாக.

கூடவே ஏறியிருந்த செண்பகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய நிக்கறவங்களுக்கும் இதே பயம்தாங்கய்யா."

"ஒண்ணுமில்லை. புகையிலையை மட்டும் விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

இறங்கிய அமைச்சர் மைக்கைத் தேடவில்லை. புகையிலைப் பொட்டலத்தைச் செண்பகவல்லியிடம் கொடுத்துவிட்டு, படியருகே நின்று, முன்னாலிருந்த பெரியவரிடம் கையை நீட்டினார்.

"வாங்கண்ணே. எனக்கும் உள்ள கால் நடுங்குச்சு. கையப் பிடிச்சுக்குங்க."