டிங் சொல்லாத கம்ப்யூட்டர்

அந்த மௌன ஆசிரமத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள் வாயைத் திறக்கலாம். அன்றைக்குக் கத்தலாம், பாடலாம், குதித்து ஆடலாம். பாட்டெல்லாம் அலுவலறையின் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும்.

அந்த நாள் காலையில் அதன் முன்னால் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தில்லைமுத்து. தாசில்தாராக ஓய்வு பெற்றுச் சீடரானவர். குரு வடிவாம்பிகைக்கு அவருடைய மகள் வயதுதான்.

"குருவே, நேத்து இதைச் சுத்தம் பண்ணினேன்."

"துடைச்சீங்களா?"

"உள்ளே! இதோட அமைப்பெல்லாம் ஒரே இடத்துல பதிஞ்சு கிடக்கு. மவுசுக்கு, திரைக்கு, சத்தத்துக்கு. மௌன ஆசிரமத்துக்குச் சத்தம் எதுக்குன்னு அதை மட்டும் அழிச்சு, அணைச்சு வச்சேன்."

"அடேயப்பா, என்ன ஞானம்!"

"எழுந்ததும் டிங்னு சொல்லும். இன்னைக்குச் சொல்லலை."

கூடத்தில் சீடர்கள் சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். "பாட்டு எங்கே? தாசில்தாரே, பாட்டு எங்கே?"

"உள்ளே போய்ப் பார்த்துடறேன்." கடவுச்சொல்லைத் தட்டப் போனார்.

குரு பாய்ந்து கையைப் பிடித்தார். "உள்ளே போகாதீங்க!"

"ஏன்?"

"கடைசியா நல்லபடியா எழுந்தப்ப எப்படி இருந்துச்சோ, அதுக்கு ஒரு நகல் வச்சிருக்கும். நீங்க உள்ளே போயிட்டா, இன்னைக்கும் நல்லாத்தான் எழுந்தோம்னு நினைச்சுக்கும். அந்த நகல் மேலேயே சத்தமில்லாத இந்த அமைப்பை எழுதிடும்."

"சத்தமே போச்சே, அதுக்குத் தெரியாதா?"

"நீங்க ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டா, அதுக்கு எப்படித் தெரியும்?"

குரு கம்ப்யூட்டரை அணைத்தார். மறுபடி போட்டு, எழும்போதே ஒரு பொத்தானை அழுத்தினார். கடைசியாக நன்றாக இருந்த அமைப்போடு எழவா என்று திரை கேட்டது. எழு என்றார்.

டிங்!

"ஆஹா!" என்று தாசில்தார் போட்ட கத்தலில் கூடமே பதிலுக்குக் கத்தியது. பாட்டு கிளம்பியது. தட்டுகள் பறந்தன.

தில்லைமுத்து மட்டும் கூடத்து வாசலில் தூணோடு தூணாக நின்றார்.

"நீங்க ஆடலையா?"

"ஆட்டமெல்லாம் எதுக்குன்னு என்னைக்கோ அழிச்சுட்டேன், குருவே."

"கடைசியா எப்ப நல்லா ஆடினீங்க?"

யோசித்தார். மீசை துடித்தது.

"மச்சான் கல்யாண ஊர்வலத்துல. வேட்டி அவுந்தது கூடத் தெரியாம ஆடினேன்."

குரு தன் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவர் வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டினார்.

"இப்ப உள்ளே போங்க."