பூட்டு தம்பிக்கு, சாவி அக்காவுக்கு

"நான் செத்த பிறகு பிள்ளைக ரெண்டும் அடிச்சுக்கிடக் கூடாதும்மா. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். சரிதானான்னு நீங்க சொல்லணும்."

ஆவுடையப்பன் சாக்கு மூட்டையை இறக்கி வைத்தார். மடத்துத் தரை அதிர்ந்தது.

சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்துக்கு அவள் வந்து கொஞ்ச காலந்தான் ஆகிறது. ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

"மூட்டையில என்ன அண்ணாச்சி?"

"பூட்டு."

"மடத்துல திருட ஒண்ணுமில்லையே."

"பூட்டுறதுக்கு இல்லம்மா. காட்டுறதுக்கு."

ஆயுசு முழுக்க அவர் சேர்த்த பூட்டுகள். இடிந்த அரண்மனையோ, கைமாறிய வீடோ, எங்கே பழைய பூட்டு என்று காதில் விழுந்தாலும் போய் நின்றுவிடுவார். சோறு தண்ணி பார்க்கமாட்டார். "பூட்டையே கட்டியிருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டினீங்க" என்று மனைவி இருந்தவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாவிகள் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் கலந்து கிடந்தன. எது எதற்கு என்று அடையாளமே கிடையாது. திருடன் வந்தால் திணறட்டும் என்று கட்டியிருந்த நூல்களையெல்லாம் அவரே அறுத்துப் போட்டிருந்தார். அவருக்குத் தொட்டால் தெரியும். அவருக்கு மட்டும்.

"வழி என்னன்னு சொல்லுங்க."

"பூட்டெல்லாம் மகனுக்கு. சாவியெல்லாம் மகளுக்கு. ஒருத்தர் இல்லாம ஒருத்தர் விக்க முடியாது. ஏமாத்தவும் முடியாது. வித்தது ஆளுக்குப் பாதி."

சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

சாமியம்மா ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள்.

"நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. வந்ததும் செத்துப்போங்க."

"என்னம்மா?"

"அண்ணாச்சிக்குக் காது நல்லாத்தானே இருக்கு?"

வீடு போய்ச் சேரும்வரை யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. சாவதற்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போவதா, பழசே போதுமா என்பதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் மூட்டையும் டின்னுமாக மூன்று பேரும் வந்தார்கள். மூத்தவள் சங்கரவடிவு, புளியங்குடியில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி காந்திமதிநாதன் உள்ளூரில் மருந்துக்கடை வைத்திருந்தான். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது.

சாமியம்மா மூலையில் விரித்திருந்த பாயைக் காட்டினாள்.

"படுங்க அண்ணாச்சி. இப்ப நீங்க செத்தாச்சு. செத்தவரு பேசக் கூடாது. கண்ணை வேணும்னா தொறந்து வச்சுக்கிடுங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"செத்தவரு அதெல்லாம் கேக்க மாட்டாரு."

ஆவுடையப்பன் படுத்தார்.

சாமியம்மா மூட்டையை மகன் முன்னால் அவிழ்த்துக் கொட்டினாள். டின்னை மகள் மடியில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முகம் அடியோடு மாறிவிட்டது.

"பழைய சாமான் வாங்குற யாவாரி நான். அப்பா போயிட்டாராமே. நல்ல மனுசன், பாவம். சரி, எதைக் குடுக்கீங்க?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி பாயைப் பார்த்தான். பிணம் கண்ணைக் கொட்டியது.

"சும்மா எடுங்க தம்பி. ஆவி ஒண்ணும் செய்யாது."

காந்திமதிநாதன் இருப்பதிலேயே பளபளப்பானதாக ஒன்றை எடுத்து நீட்டினான்.

அது கொல்லைக் கதவுக்கென்று போன வருஷம் கடைத்தெருவில் வாங்கியது. எப்படியோ மூட்டையில் சேர்ந்துவிட்டது. மூலையில் பல் நறநறத்தது.

"அருமையான பூட்டு! இதுக்கு நீங்க கேட்டதைத் தாரேன். அந்தக் கறுத்ததைக் கொசுறாப் போட்டுருங்க."

கறுத்தது மணிப்பூட்டு. சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே மணி அடிக்கும். அப்படி இன்னொன்றை ஆவுடையப்பன் எங்கேயும் பார்த்ததில்லை.

"கொசுறா?" சங்கரவடிவு தடுத்தாள். "அது விலைமதிப்பில்லாததுன்னு அப்பா சொல்லுவாங்க."

"அப்படின்னா எவ்வளவு?"

"அதான்... விலைமதிப்பில்லாதது."

"விலையே இல்லைன்னா சும்மாத்தானே தரணும்?"

வடிவு டின்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் ஒருக்கா கேட்டேன்," என்றான் தம்பி. "எவ்வளவு போகும்ப்பான்னு. 'உசுரோட இருக்கும்போதே விலை பேசுதியாலே'ன்னு சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் யாரு கேப்பா?"

"சரி, தொறந்து காட்டுங்க. தொறந்தா பூட்டு. தொறக்கலைன்னா இரும்பு."

வடிவு டின்னைத் துழாவினாள். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தாள். எதுவும் திரும்பவில்லை.

திரும்பாது. முன்னால் தெரிகிற துவாரம் பொய். பக்கவாட்டில் ஓர் ஆணித்தலை இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப்பிடித்தால் தகடு விலகி நிஜத் துவாரம் தெரியும். இதைச் சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் செத்துப் போயிருந்தது.

"ஏலே, இது அந்தப் பூட்டுதானா? நல்லதை வீட்டுல ஒதுக்கிட்டு வந்துட்டியா?"

"நான் எதுக்குக்கா ஒதுக்கப் போறேன்? சாவியை நீதான் மடியில முடிஞ்சு வச்சிருக்கியோ என்னவோ. அம்மா வளையலு மாதிரி."

வடிவு கையிலிருந்த சாவியை டின்னுக்குள் போட்டாள்.

"என்னலே சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"அம்மா தன் கையாலே கழட்டிக் குடுத்த வளையலு அது."

"அப்ப நானா பக்கத்துல இருந்தேன்? யாரு கண்டா?"

வளையல் விஷயம் ஆவுடையப்பனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். எழுந்திருக்கப் பார்த்தார். சாமியம்மா திரும்பாமலே ஒரு விரலை ஆட்டினாள். பாய்க்குள் அடங்கினார்.

"அக்கா தம்பிச் சண்டையை வீட்டுல வச்சுக்கிடுங்க. எனக்கு நேரமாகுது. எடைக்குப் போடுங்க. உள்ளே பித்தளையா இரும்பான்னு உடைச்சுப் பாத்துச் சொல்லுதேன்."

அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உடைங்க," என்றான் தம்பி.

"உடைங்க," என்றாள் அக்காவும். "இந்தச் சனியன் எங்களுக்கு வேண்டாம்."

வந்ததிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

குழவி உயர்ந்தது.

"நான் சாகலம்மா!"

பிணம் பாய்ந்து வந்து பூட்டை மார்போடு அணைத்துக்கொண்டது. வேட்டி பாயிலேயே கிடந்தது. உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டை மானத்தைக் காத்தது.

சாமியம்மா குழவியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சாகலையா? தெரியாமப் போச்சே. அப்ப யாவாரத்தை நீங்களே பாருங்க."

முந்தானையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கீரைக்குப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் பூட்டோடு அப்படியே உட்கார்ந்தார். யாரிடம் விற்பது? எதை? டின்னில் கையை விட்டார். பார்க்காமலே ஒரு சாவியை எடுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முதுகை வளைத்து, பூட்டை வயிற்றோடு மறைத்துக்கொண்டார்.

அவர் பூட்டுத் திறப்பது எப்போதும் அப்படித்தான். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்தன. பார்த்ததெல்லாம் அந்த முதுகைத்தான்.

கட்டைவிரல் ஆணித்தலையைத் தொட்டது. அழுத்த வரவில்லை. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, தொறக்கலையா?"

"இல்ல... யாராவது பாத்துருவாங்களோன்னு..."

"யாரு?"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகன் குழவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

மறுபடியும் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"அப்பா," என்றான் மகன். தட்டைத் தள்ளுவாரோ என்பதுபோல் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டு கேட்டான். "அது எவ்வளவு போகும்?"

ஆவுடையப்பன் சுவரை விட்டு வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"சொல்லுதேன்," என்றார். "முதல்ல ரெண்டு பேரும் கட்டைவிரலைக் குடுங்க."