வாசலில் அறைந்த முரசு

வெள்ளிப் பணத்தில் செம்பைக் கலந்தே ஒரு ராஜா கெட்டான் என்று பெரிய மாமா பேச்சுவாக்கில் சொல்வார். எந்த ஊர் ராஜா என்பது மறந்துவிட்டது.

அந்தப் பணம் இனி அரைப் பணத்துக்குத்தான் செல்லும் என்று ராஜா ஆணையிட்டார். பொக்கிஷதார், முரசறையும் வேம்பனைக் கூப்பிட்டார்.

"முதலில் கடைத்தெருவில் அறை. ஒரு பணம் வரிக்கு இரண்டு பணமாக வரட்டும். அரண்மனை வாசலில் சாயங்காலம் அறைந்தால் போதும். அதற்குள் சிப்பாய்கள் பழைய கணக்கில் சம்பளம் வாங்கிப் போய்விடுவார்கள்."

வேம்பனின் தம்பியும் சிப்பாய்தான்.

"சாமி, வாசலில் அறையாத ஆணையைக் கடைத்தெருவில் எவனும் மதிக்கமாட்டானே. வழக்கம் அப்படி."

"வழக்கமாவது மண்ணாவது! இன்று வரி வராவிட்டால் உன் தலை இருக்காது."

"வரும் சாமி."

வேம்பன் நேரே வாசலுக்குப் போய் முரசை அறைந்தான். ஆணையை உரக்கச் சொன்னான். பொக்கிஷதார் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார்.

"பாவி, என்ன காரியம் செய்தாய்!"

"வரி வரவேண்டாமா சாமி?"

சிப்பாய்களின் சம்பள வரிசை வாசலில்தான் நின்றது. ஒரு சிப்பாய் வாங்கின பணத்தைச் சம்பள மேசையிலேயே திரும்ப வைத்தான். அடுத்தவனும் வைத்தான். எல்லோரும் ஈட்டியோடு மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே நின்ற ராஜாவுக்கு முகம் வெளுத்தது.

ஒரு பணத்துக்கு இரண்டாகச் சம்பளம் கொடுக்கச் சொன்னார்.