பலாப்பழத்துக்கு ஒரு கேரியர்

மடத்துச் சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் வைத்திலிங்கமோ ரிட்டயர் ஆனவர். அதனால் சாமிதான் சீடரை ஐயா என்று கூப்பிடுவார். பண்ருட்டியில் அதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

அன்று வைத்திலிங்கம், மகன் வாங்கித் தந்த ஹைப்ரிட் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சாமி, இதுக்கு எந்தக் கேரியர் மாட்டலாம்? சீட்டுக் கம்பியில பூட்டுறது பத்து கிலோதான் தாங்குமாம். பின்சக்கரத்து அச்சுல ஊணுறது இன்னும் தாங்கும். ஆனா டிஸ்க் பிரேக் இடிக்கும்ங்கறான் கடைக்காரன்."

"எதை ஏத்தப் போறீங்க?"

"பலாப்பழம். என் தம்பி தணிகாசலம் நெல்லிக்குப்பத்துல படுத்த படுக்கையா கெடக்குறான். ஈரல் போயிடுச்சு."

தம்பியோடு அவருக்கு வருஷக் கணக்காகப் பேச்சில்லை. பாகம் பிரிக்கும்போது ஒரு பலாமரத்துக்காக வந்த சண்டை. மரம் அண்ணனுக்கு வந்தது. தம்பி ஊரை விட்டே போனான்.

"பழம் கேட்டாரா?"

"இல்ல. அண்ணனை ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுன்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கான்."

"பழம் சாப்பிட டாக்டர் விடுவாரா?"

"விடமாட்டாருதான். கண்ணால பாக்கட்டும்."

"பஸ் போகுதே ஐயா."

"அம்மாம் பெரிய பழத்தைத் தூக்கிட்டு வந்தா எந்தக் கண்டக்டர் ஏத்துவான்?"

சாமி எழுந்தார். சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போய், நெல்லிக்குப்பம் ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

"ஏறுங்க."

"வெறுங்கையோடவா? சீக்காளியைப் பாக்கப் போறவன் கையை வீசிக்கிட்டா போவான்? அதுவும் அந்த மரத்தை நானே வச்சுக்கிட்டு?"

வைத்திலிங்கம் சிரித்துக்கொண்டே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். தம்பியின் முகத்தில் விழிக்க அவருக்கு வெட்கம். அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை, பாவி மனுஷனுக்கு.

அடுத்த வாரம் வந்தார். சீட்டுக் கம்பியில் பூட்டிய கேரியர் பழத்தின் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாம். அதற்குப் பிறகும் வந்தார். டிஸ்க் பிரேக் வண்டிக்கென்றே புதுச்சேரியில் ஒன்று விற்கிறதாம், அலுமினியம் வாங்கவா இரும்பு வாங்கவா என்று கேட்டார். பறித்து வைத்த பழம் வீட்டில் வெடித்து ஈ மொய்த்தது. இன்னொன்றைப் பறித்தார்.

சாமி ஒவ்வொரு தடவையும் சைக்கிளை நெல்லிக்குப்பம் ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.

ஒரு நாள் காலையில் வைத்திலிங்கம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சைக்கிளின் பின்னால் புதுக் கேரியர்.

"நேத்துதான் மாட்டினேன் சாமி. கொஞ்சங்கூட அசையல." கேரியரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "விடியக்காலம் தம்பி போயிட்டான்."

சாமி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வைத்திலிங்கம் வெகுநேரம் அழுதார். பிறகு கேட்டார்.

"இப்ப நான் என்னத்தை எடுத்துக்கிட்டுப் போறது?"

"ஒரு மாலை வாங்கிக்குங்க ஐயா. அதுக்குக் கேரியர் வேண்டாம். ஹேண்டில்பார்லயே மாட்டிக்கலாம்."