நத்தையின் விடையும் குரங்கின் விடையும்

அன்று அமேசான் காட்டின் இலவமரத்தடியில் இருந்தவர்கள் மூவர்: சிலந்திக் குரங்கு, நத்தை, காட்டு முயல். வேரடிப் பொந்தில் கிடந்த மூன்று முயல்குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. ஆகவே அவற்றை இருந்தவர்களோடு சேர்ப்பதற்கில்லை.

ஆறு நாட்களாக மழை விடவில்லை. ஆற்றின் இரைச்சல் நேற்றைவிட அருகில் கேட்டது.

"வெள்ளம் இங்கே வருமா?" என்று முயல் கேட்டது. "வருமென்றால் குட்டிகளை இப்போதே மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வராதென்றால், இந்தக் குளிர்மழையில் அவற்றை வெளியே எடுப்பதே கொலை!"

குரங்கு வாலால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியது. "வராது! வந்தால்தான் என்ன? மூன்றையும் மார்போடு அணைத்து நான்கே தாவலில் மேட்டில் சேர்ப்பேன்!"

"வரும்," என்றது நத்தை. அது அடிமரத்தில் ஒரு முழ உயரத்தில் ஒட்டியிருந்தது.

குரங்கு சிரித்தது. "முயலம்மா, எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்! நான் காட்டையே உச்சியிலிருந்து பார்ப்பவன். இவனோ எதிரே இருப்பதைக் கொம்பால் தடவித்தான் அறிவான். நேற்று மாலை புறப்பட்டவன், இன்னும் ஒரு முழம் தாண்டவில்லை!"

"உண்மைதான்," என்றது நத்தை. "ஆனால் முயலம்மா கேட்டது வேகத்தைப் பற்றி அன்று. குரங்காரே, நீர் மண்ணில் கால் வைத்து எத்தனை நாளாயிற்று?"

"மண்ணில் எனக்கென்ன வேலை? உண்ணப் பழமும் மேலே, குடிக்க நீரும் மேலே!"

"நேற்றுவரை நான் மண்ணைவிட்டு வயிற்றை எடுத்ததில்லை. பெய்த மழையையெல்லாம் மண் குடித்தது. நேற்று மாலை குடிப்பதை நிறுத்திவிட்டது. அதனால்தான் ஏறுகிறேன்."

முயல் முன்காலை மண்ணில் அழுத்தி எடுத்தது. அந்தச் சிறு குழியில் அடியிலிருந்து நீர் ஊறி நிறைந்தது.

அது முதற்குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடியது. திரும்பி வந்தபோது வேர்களுக்கிடையே நீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் குட்டியை மேட்டில் விட்டுத் திரும்பியபோது, நீர் முயலின் வயிற்றைத் தொட்டது. பொந்தின் வாயிலையும் எட்டியிருந்தது.

"பொறுங்கள்!" என்று குரங்கு கத்தியது. "இந்த ஒன்றையாவது என்னிடம் கொடுங்கள்! சொன்ன சொல் இருக்கிறதே!"

முயல் மேட்டைத் திரும்பிப் பார்த்தது. இடையில் குரங்கு தாவிப் பிடிக்க ஒரு மரமும் இல்லை. முயல் கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு நீரில் இறங்கி நடந்தது.

கேட்டதற்கு விடை அறியாதவர் தம் பெருமையை எடுத்துரைத்தால், அதனை விடையென்று கொள்ளலாகாது.