ஏகாதசியில் வந்த செம்பலா

வேங்கைக்குளம் சீமையை ஆண்ட செண்பகராசருக்கு ஒரு பழக்கம். காலையில் மனதில் பட்டது சாயங்காலத்துக்குள் சட்டமாகிவிட வேண்டும். அந்த வருஷம் அவர் மனதில் பட்டது செம்பலா.

"வீட்டுக்கு ஒரு செம்பலா! ஒவ்வொரு கொல்லையிலும் சிவப்புச் சுளை காய்க்க வேண்டும்!" என்றார்.

எதற்கு என்று கேட்க சபையில் நாற்பது அறிவாளிகள் இருந்தார்கள். நாற்பது பேரும் தலையை ஆட்டினார்கள். மானியம் கொடுப்பது அதற்குத்தானே?

தோட்ட அதிகாரி திருமலைக்கொழுந்து எழுந்தார். மண்வெட்டியைத் தொட்டே பார்க்காதவர். அதனால்தான் தோட்டத்துக்கு அதிகாரி.

"மகாராஜா, செம்பலாவில் பல ரகம் உண்டு. எது அதிகச் சிவப்போ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மரங்களை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மகரந்தம் கலந்து நிறம் கெட்டுப்போகும். வருகிற ஏகாதசியன்று சபையில் வைத்துப் பார்த்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!"

இதைக் கேட்டுத் தலையை ஆட்டாதவர் ஒருவர்தான். சபையில் வேடிக்கை பேசிப் பிழைக்கும் உலகாண்டி. அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பலா நின்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே ஒட்டுக் கட்டி, பிள்ளையைப் போல வளர்த்த மரம். அதைவிடச் சிவப்பாக ஒன்று வந்துவிட்டால் அதன் மேல் கோடரி விழும்.

விழச் சொன்னது யார்? திருமலைக்கொழுந்து. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உலகாண்டி சபையில் குறட்டை விட்டார் என்று ராஜாவிடம் போட்டுக்கொடுத்த அதே புண்ணியவான். அன்றைக்குக் குறட்டை விட்டது ராஜா. உலகாண்டி அந்த மாதம், தேதி, கிழமை எதையும் மறக்கவில்லை.

ஏகாதசி வந்தது. சபையில் மூன்று பலா.

முதலாவது மலைக்காரர்கள் அனுப்பியது. சுளை நல்ல செங்கல் நிறம். ஆனால் கூழன் ரகம். எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தது. பழத்தை நாலு பேர் சுமந்து வந்தார்கள்.

"கூரை மேல் விழுந்தால் பழம் பிழைத்துக்கொள்ளும், குடும்பம் பிழைக்காது," என்றார் உலகாண்டி.

இரண்டாவது அவருடைய பழம். தண்ணீர்க் குடத்தளவுதான் இருக்கும். அரிந்து காட்டினார். காவி கலந்த சிவப்பு. வருக்கைச் சுளை, கெட்டியாக நின்றது.

"ஒரு வீடு ஒரு வேளைக்குத் தின்று முடிக்கலாம், மகாராஜா. இடுப்பளவு உயரத்தில் காய்க்கும். ஏணி வேண்டாம்."

"நிறம் கொஞ்சம் மட்டு," என்றார் ராஜா.

உடனே நாற்பது பேருக்கும் அது மட்டாகவே தெரிந்தது.

மூன்றாவது வெள்ளித் தட்டில் வந்தது, பட்டுத்துணி போர்த்திக்கொண்டு. திருமலைக்கொழுந்து துணியை விலக்கினார். இருபது சுளைகள், இரத்தச் சிவப்பு! சபை வாயைப் பிளந்தது.

உலகாண்டி குனிந்து பார்த்தார். இந்தச் சிவப்பை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். பலாவில் அல்ல.

"அதிகாரியாரே, முழுப் பழத்தைக் காணோமே?"

"பால் பிசின் மகாராஜா மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாதே! அதனால் வீட்டிலேயே அரிந்து கொண்டுவந்தேன்."

"அடடா, என்ன அக்கறை! ஒரு சுளை வாயில் போட்டுப் பார்க்கலாமா?"

"ஓய்! மகாராஜா துளசித் தீர்த்தத்தோடு விரதம் இருக்கிறார். அவர் முன்னால் நீர் பலாச்சுளை மெல்வீரோ?"

சபை உலகாண்டியைப் பார்த்துச் சீச்சீ என்றது. ஏகாதசியைத் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது அவருக்குப் புரிந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால், தோற்றவன் பொறாமையில் புலம்புகிறான் என்பார்கள். முகத்தை மாற்றிக்கொண்டார்.

"மகாராஜா, தோற்றேன். என் மரத்தை நானே வெட்டிவிடுகிறேன். ஆனால் ஒரு கவலை. இவ்வளவு அழகான சுளை! எத்தனை கண் பட்டதோ! திருஷ்டி கழிக்காமல் விட்டால் தாய்மரமே பட்டுப்போகுமே!"

பல்வலி வந்தால்கூடப் பக்கத்து ராஜா கண் வைத்துவிட்டான் என்று சொல்பவர் செண்பகராசர். பதறிப்போனார். "கழி, கழி! இப்போதே கழி!"

சபைக்கு வருகிறவர்கள் ராஜா காலடியில் வைத்து வணங்கிய எலுமிச்சம்பழங்கள் தாம்பாளம் நிறைய இருந்தன. உலகாண்டி இரண்டை எடுத்தார். வெள்ளித் தட்டை மூன்று தரம் சுற்றினார். எலுமிச்சம்பழங்களைக் குறுக்கே அரிந்தார்.

"சுற்றினால் போதும்! பிழிய வேண்டாம்!" என்று அலறினார் திருமலைக்கொழுந்து.

"பட்டது லேசான கண்ணா, அதிகாரியாரே? நாற்பது அறிவாளிகளின் கண்!" என்று சொல்லிக்கொண்டே நன்றாகப் பிழிந்தார்.

சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு ஓடிப்போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது சுளையும் பளிச்சென்று மஞ்சளாயின.

"என்னடா இது! சிவப்பு எங்கே?" என்று எழுந்துவிட்டார் ராஜா.

"கல்யாண வாசலுக்குப் போய்விட்டது, மகாராஜா. அங்கிருந்துதான் வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பார்களே, அந்தச் சிவப்பு. புளிப்புப் பட்டால் நிற்காது."

ராஜா திருமலைக்கொழுந்தைப் பார்த்தார். திருமலைக்கொழுந்து தரையைப் பார்த்தார். நாற்பது பேரும், தாங்கள் முதலிலேயே சந்தேகப்பட்டதாக ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"உலகாண்டி, உன் மரத்தை எவனும் தொடக் கூடாது," என்றார் ராஜா. "அதிலிருந்தே ஒட்டுக் கட்டி வீட்டுக்கு ஒரு கன்று கொடு. இன்றிலிருந்து தோட்டத்துக்கு நீதான் அதிகாரி. சரி, இவனுடைய ரகத்தை என்ன செய்யலாம்? வேரோடு பிடுங்கிவிடலாமா?"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! கொல்லை இல்லாத ஏழைகளுக்கு அதைவிட நல்ல ரகம் கிடையாது. குழி வெட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு சுண்ணாம்புக் கரண்டகமும் இருந்தால் போதும். உட்கார்ந்த இடத்திலேயே காய்க்கும்!"

செண்பகராசர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று விழுந்தது. எடுத்துக் கொடுக்க நாற்பது பேர் ஓடினார்கள்.